தசை எப்படிப் பிடிக்கிறது, பிடித்ததை எப்படி விடுகிறது

தம்பி, உங்கள் கேள்விகளை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் படிவத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பில், உயிரியல் படிக்கும் உங்களிடம் ஆசிரியர், தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் புரத இழை எதுவும் நீளத்தில் குறைவதில்லை என்று சொல்லியிருக்கிறார். இழை குறையாமல் தசை மட்டும் எப்படிக் குறையும் என்பது உங்கள் முதல் கேள்வி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டும் உங்கள் அப்பாவுக்கு நடு இரவில் கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொள்கிறது, பாட்டி உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார், அது சரிதானா என்பது இரண்டாவது கேள்வி.

என் தொழில் பிசியோதெரபி. இந்த வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்களின் தோள்களும் இடுப்புகளும் முழங்கால்களும்தான் நான் அன்றாடம் பார்ப்பவை. ஆகவே உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு ஒரே கேள்வியாகவே தெரிகின்றன. தசையைப் பற்றி எழுதுகிறவர்கள் அது எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, எப்படி விடுகிறது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பிடித்ததை விடுவதற்கும் தசை உழைக்க வேண்டியிருக்கிறது, அதற்கும் ஆற்றல் செலவாகிறது, அந்த விடுதல் எந்தக் கட்டத்தில் தடைப்படுகிறதோ அதற்கேற்ற துன்பம் உடலுக்கு வருகிறது என்பது புரிந்தால், பாடமும் விளங்கும், அப்பாவின் காலும் விளங்கும்.

அமைப்பிலிருந்து தொடங்குவோம். ஆட்டுத் தொடைக் கறியை நன்றாக வேகவைத்துப் பிய்க்கும்போது அது நார் நாராகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நார் ஒவ்வொன்றும் தசையிழைகளின் ஒரு கற்றை. முழுத் தசையைச் சுற்றி இணைப்புத் திசுவால் ஆன ஓர் உறை இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு கற்றைக்கும் தனியே ஓர் உறையும், கற்றைக்குள் ஒவ்வொரு தசையிழைக்கும் அதைவிட மெல்லிய ஓர் உறையும் இருக்கின்றன. இந்த மூன்று உறைகளும் தசையின் முனையில் ஒன்றுசேர்ந்து தசைநாணாகி எலும்பில் பதிகின்றன. ஆகையால் உள்ளே எங்கோ ஓர் இழை இழுத்தாலும் அந்த இழுவிசை உறைகளின் வழியாக எலும்பைச் சென்று சேர்ந்துவிடுகிறது.

தசையிழை என்பது ஒரே ஓர் உயிரணு. அதன் பருமன் ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) வரை இருக்கலாம், நீளமோ சில தசைகளில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் போகும். கருவில் பல உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாவதால், ஓர் இழைக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கின்றன. இழையின் மேற்புறத்தில் ஒட்டியபடி சில சிறிய உயிரணுக்கள் உறங்கிக் கிடக்கின்றன. அலெக்சாண்டர் மவுரோ என்பவர் 1961இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவற்றைக் கண்டு எழுதினார். இழை காயப்பட்டால் விழித்தெழுந்து பெருகி அதைச் சீர்செய்பவை இவைதாம்.

இழைக்குள் ஒன்று அல்லது இரண்டு மைக்ரோமீட்டர் பருமனுள்ள நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஒவ்வொரு நுண்ணிழையும் தலையிலிருந்து கால்வரை சார்கோமியர் என்னும் சிறு அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்ட வரிசையாகும். ஓய்வில் ஒரு சார்கோமியரின் நீளம் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மைக்ரோமீட்டர். அதன் இரு எல்லைகளிலும் இசட் தட்டுகள் உள்ளன. அந்தத் தட்டுகளிலிருந்து ஆக்டின் என்னும் புரதத்தாலான மெல்லிய இழைகள் நடுவை நோக்கி நீள்கின்றன. நடுவில், இரு தட்டுகளையும் தொடாமல், மையோசினாலான தடித்த இழைகள் கிடக்கின்றன. ஒரு தடித்த இழையின் நீளம் 1.6 மைக்ரோமீட்டர், அதில் ஏறத்தாழ 300 மையோசின் மூலக்கூறுகள் கட்டப்பட்டுள்ளன, ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு தலைகள் உண்டு. தடித்த இழை நடுவிலிருந்து விலகிவிடாமல் டைட்டின் என்ற புரதம் அதை இரு தட்டுகளோடும் இணைத்து வைத்திருக்கிறது. மனித உடலில் இதுவரை அறியப்பட்ட புரதங்களில் மிகப் பெரியது அதுதான், ஏறத்தாழ 34,000 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. தசையை நீட்டினால் அதுவும் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு உள்ளங்கைகளையும் உங்கள் பக்கம் திருப்பி, இரு கைவிரல்களின் நுனிகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுமாறு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விரல்களை மடக்காமல் இரு கைகளையும் நெருக்குங்கள். எந்த விரலும் நீளத்தில் குறையவில்லை, ஆனால் ஒரு மணிக்கட்டுக்கும் மறு மணிக்கட்டுக்கும் இடையேயுள்ள தூரம் குறைந்துவிட்டது. சார்கோமியருக்குள் நடப்பதும் இதுவே. மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு இடையே வழுக்கி உள்ளே செல்கின்றன, இழைகளின் நீளம் அப்படியே இருக்கிறது, இசட் தட்டுகள் மட்டும் நெருங்கி வருகின்றன. தேர்வில் படம் வரையச் சொன்னால், தடித்த இழையின் முழு நீளத்தைக் குறிக்கும் கரும்பட்டையாகிய ஏ பட்டை மாறாமல் இருப்பதையும், மெல்லிய இழை மட்டும் உள்ள வெளிர்பட்டையாகிய ஐ பட்டை குறுகுவதையும் தெளிவாகக் காட்டுங்கள்.

இது எளிய செய்தியாகத் தோன்றலாம், ஆனால் 1954 வரை இதை உறுதியாகச் சொல்ல ஆளில்லை. புரதச் சங்கிலிகளே மடிந்து சுருங்குகின்றன என்ற கருத்துதான் அதற்கு முன் செல்வாக்குடன் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கும் எழுதினார்கள், அவர்கள் தவளையின் உயிருள்ள தசையிழையைப் பார்த்தவர்கள். மற்றொன்றை எழுதிய ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணிழைகளைப் பார்த்தவர்கள். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. வெவ்வேறு பொருளை வெவ்வேறு நுண்ணோக்கியில் பார்த்த இரு குழுவினரும், தசை குறுகும்போது கரும்பட்டை குறுகுவதில்லை என்ற ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒரு முடிவை நம்புவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். பிறகு 1966இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி தம் உடன் ஆய்வாளர்களான கார்டன், ஜூலியன் ஆகியோருடன் சேர்ந்து தவளை இழையை வெவ்வேறு நீளங்களுக்கு இழுத்துப் பிடித்து அதன் விசையை அளந்தார். சார்கோமியரின் நீளம் 2 முதல் 2.2 மைக்ரோமீட்டராக இருக்கையில் விசை உச்சத்தில் இருந்தது. நீட்ட நீட்டக் குறைந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 3.65 மைக்ரோமீட்டரில், அதாவது இரு வகை இழைகளும் ஒன்றையொன்று தொட முடியாத நீளத்தில், இல்லாமலே போனது. இரு வகை இழைகளும் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றனவோ அவ்வளவே விசை என்பது அதனால் உறுதியாயிற்று.

ஒரு சார்கோமியர் அரை மைக்ரோமீட்டர் குறுகினால் என்ன பெரிய அசைவு வந்துவிடும் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இழையில், அலகுக்கு இரண்டரை மைக்ரோமீட்டர் என்று வைத்தால், 40,000 சார்கோமியர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் குறுகினால் மொத்தத்தில் 2 சென்டிமீட்டர். முழங்கைக்கு அருகே 2 சென்டிமீட்டர் இழுப்பு என்பது உள்ளங்கையில் பல மடங்கு பெரிய அசைவு. வரிசையாக இருப்பவை தூரத்தையும் வேகத்தையும் கூட்டுகின்றன, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை விசையைக் கூட்டுகின்றன. ஆகவேதான் நாள்பட்ட கடின உழைப்பில் இழைகளுக்குள் நுண்ணிழைகள் பெருகி, தசை பருத்து, வலுவடைகிறது. இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுவதில்லை.

இழைகளை வழுக்கச் செய்வது எது என்பதுதான் அடுத்த கட்டம், எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுவே. மையோசின் தலை ஆக்டினைப் பற்றுகிறது, பற்றியபடியே சாய்கிறது, அந்தச் சாய்வில் மெல்லிய இழையை ஏறத்தாழ 10 நானோமீட்டர் நடுவை நோக்கி இழுக்கிறது. இழுத்து முடித்த தலை தானாக விடுவதில்லை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்று வந்து தலையில் உட்கார்ந்தால்தான் அதன் பிடி தளர்கிறது. தளர்ந்த பிறகு அந்த ஏடிபியைத் தலை உடைத்து, கிடைக்கும் ஆற்றலால் மறுபடி நிமிர்ந்து அடுத்த இழுப்புக்கு ஆயத்தமாகிறது. உடைந்த பகுதிகள் வெளியேறும்போதுதான் இழுப்பு நிகழ்கிறது. பற்று, இழு, விடு, நிமிர் என்ற இந்தச் சுற்று ஒவ்வொரு தலையிலும் ஒரு நொடிக்குப் பலமுறை நடக்கலாம். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் விடுவதில்லை, சில விடும்போது சில பற்றியிருக்கும், அதனால் இழுத்த இழை பின்னோக்கிச் சரிந்துவிடுவதில்லை.

ஏடிபி இல்லாமல் போனால் தலைகள் பற்றியபடியே நின்றுவிட வேண்டுமல்லவா? அப்படித்தான் நிற்கின்றன. ஒருவர் இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. துக்க வீட்டில் பெரியவர்கள் தாமதிக்காமல் கண்களை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்கி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். பின்னால் செய்ய முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். மூச்சு நின்றபின் ஏடிபி தீர்ந்துபோகிறது, ஆக்டினைப் பற்றிய தலைகள் விடுவதில்லை, பொதுவாகப் பன்னிரண்டு மணி நேர அளவில் விறைப்பு உச்சத்தை அடைகிறது. ஓரிரு நாளில் அது தளர்வது புது ஆற்றல் வந்ததால் அன்று, புரதங்களே சிதையத் தொடங்குவதால். உயிரற்ற தசை இளகிக் கிடக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம், ஆனால் அது முதலில் இறுகுகிறது. நம் கைகால்கள் இளகியிருப்பதற்கே உயிரும் ஆற்றலும் தேவைப்படுகின்றன.

தலைகள் எப்போதும் ஆக்டினைப் பற்ற ஆயத்தமாக இருக்கின்றன என்றால், ஓய்வில் அவற்றைத் தடுப்பது எது? மெல்லிய இழையின்மீது ட்ரோபோமையோசின் என்ற நீண்ட புரதம் படிந்து, தலைகள் பற்ற வேண்டிய இடங்களை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதனோடு ட்ரோபோனின் என்ற மற்றொரு புரதம் இணைந்திருக்கிறது. ட்ரோபோனினில் கால்சியம் வந்து சேர்ந்தால், மறைத்திருந்த புரதம் சற்றே நகர்ந்து வழிவிடுகிறது. தசையை இயக்கும் ஆணை கால்சியம்தான் என்பதையும், அது ட்ரோபோனின் வழியாக வேலை செய்கிறது என்பதையும் 1960களில் நிலைநாட்டியவர் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி.

அந்தக் கால்சியம் வருவதற்கு முன் நடப்பதையும் பார்ப்போம். முதுகுத் தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு தசையிழையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது இழையின் சவ்வில் ஒரு மின் அலையைத் தூண்டுகிறது. இழையின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் நுண்குழாய்கள் வழியே அந்த அலை ஆழத்துக்குச் செல்கிறது. அங்கே நுண்ணிழைகளைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் பைகளில் அடைத்துவைக்கப்பட்டிருந்த கால்சியம் திறந்துவிடப்படுகிறது. ஆணை முடிந்ததும் இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். நரம்பு முனையில் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் சிதைக்க வேண்டும், உள்ளே வெளிப்பட்ட கால்சியத்தைப் பைகளுக்குள் திரும்ப இறைக்க வேண்டும். பைக்குள் கால்சியத்தின் செறிவு வெளியே இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம், ஆகவே இந்த இறைப்பு மேட்டை நோக்கிய இறைப்பு. இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே தள்ளுவதற்கு ஓர் ஏடிபி செலவாகிறது. அசையாமல் ஒரு சுமையைப் பிடித்து நிற்கும் தசையில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. விடுதலும் உழைப்பே என்று தொடக்கத்தில் நான் சொன்னதன் பொருள் இதுதான்.

இதயத் தசையும் குடல், இரத்தக்குழாய்ச் சுவர்களின் தசையும் இதே ஆக்டின், மையோசினால் ஆனவையே என்றாலும் அவற்றின் ஆணை முறை வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி அப்பாவின் வேலைக்கு வருவோம். உயர்ந்த செம்பனையில் குலை வெட்டுகிறவர் நீண்ட அலுமினியக் கழியின் முனையில் அரிவாளைப் பொருத்தி, கழுத்தை அண்ணாந்து, கழியை நிமிர்த்திப் பிடித்து, பிறகு ஒரே இழுப்பில் மட்டையையும் குலைக்காம்பையும் அறுக்கிறார். ஒரே வேலையில் இரு வகை உழைப்பு இருக்கிறது. கழியை ஆடாமல் பிடித்திருக்கும் தோளிலும் முன்கையிலும் தசை நீளம் மாறாமல் விசை கொடுக்கிறது, இழுக்கும் கணத்தில் தசை குறுகியபடி விசை கொடுக்கிறது. மக்களுக்கு இரண்டாவதுதான் கடினமாகத் தெரியும். ஆனால் தொடர்ந்து இறுகியிருக்கும் தசை தனக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களைத் தானே நெருக்கிவிடுகிறது, அதனால் கழியைப் பிடித்து நிற்பதே தோளை முதலில் எரியச் செய்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கழியைத் தரையில் ஊன்றிச் சில நொடிகள் கையைத் தளரவிடும் மூத்த தொழிலாளர்கள் சோம்பேறிகள் அல்லர், அந்தச் சில நொடிகளில் இரத்தம் திரும்பிப் பாய்கிறது.

விசையைக் கூட்டிக் குறைப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரு நரம்பணு பல தசையிழைகளை ஒருசேர ஆள்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவுக்குப் பத்து இழைகள் அளவே இருக்கலாம், கெண்டைக்காலின் பெரிய தசையிலோ ஆயிரத்துக்கும் மேல். மெல்லிய வேலைக்குச் சிறிய நரம்பணுக்களும் அவற்றின் களைப்பறியாத மெதுவான இழைகளும் முதலில் அழைக்கப்படுகின்றன, சுமை கூடக்கூடப் பெரியவையும் விரைவானவையும் சேர்ந்துகொள்கின்றன. இந்த வரிசையை விளக்கியவர் எல்வுட் ஹென்னிமன். உதிரிப் பழம் பொறுக்கும்போது வேலை செய்யும் இழைகள் ஒரு பகுதிதான், குலையைத் தூக்கி வண்டியில் எறியும்போது அநேகமாக எல்லாமே எழுந்துகொள்கின்றன. நெம்புகோல் கணக்கையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். முழங்கையை மடக்கும் தசை மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில் பதிகிறது, உள்ளங்கையோ 35 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு கையில் 10 கிலோ எடையைத் தாங்கினால், தசை ஏறத்தாழ 70 கிலோவுக்கு ஈடான விசையைக் கொடுத்தாக வேண்டும். இருபது கிலோக் குலையை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

நெடுநாள் விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவருக்கு இரண்டாம் நாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிப்பதை லாக்டிக் அமிலத்தின் வேலை என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அந்தப் பொருள் உழைப்பு முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து அகன்றுவிடுகிறது, வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. சுமையை மெல்ல இறக்கும்போதும், மேட்டிலிருந்து சரிவில் இறங்கும்போதும், தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கிறது. பற்றிய தலைகள் பற்றியபடியே பின்னோக்கி இழுக்கப்படுவதால் சில சார்கோமியர்கள் சிதைகின்றன, இசட் தட்டுகள் கலைகின்றன, அதைச் சீர்செய்யும் அழற்சிதான் வலிக்கிறது. ஒருமுறை இப்படி வலித்துத் தேறிய தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையை மறுபடி செய்தால் அவ்வளவு வலிப்பதில்லை. ஆகவே திரும்பியவுடன் முழு வேலையில் இறங்காமல், முதல் சில நாட்கள் பாதி வேலை செய்வது அறிவுடைமை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. கடும் வெயிலில் அளவுக்கு மீறி உழைத்தபின் தசை வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விடுதல் தடைப்படும் இடங்கள் வேறு சிலவும் தோட்டத்தில் உண்டு. துருப்பிடித்த கம்பியோ முள்ளோ குத்திய காயத்தில் டெட்டனஸ் கிருமி நுழைந்தால், அதன் நஞ்சு நரம்பு வழியே முதுகுத் தண்டுக்கு ஏறி, தசை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாமல் தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. செம்பனை முள்ளோடு நாளெல்லாம் பழகுகிறவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை தடுப்பூசியைப் புதுப்பித்துக்கொள்வது அவசியம்.

அடுத்தது பூச்சி மருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள், நரம்பு முனையில் அசிட்டைல்கோலினைச் சிதைக்க வேண்டிய அந்த நொதியையே முடக்குகின்றன. ஆணை கொடுத்த வேதிப்பொருள் அகலாமல் தங்கிவிடுவதால் தசைகள் முதலில் தோலுக்கடியில் துடிக்கின்றன, பிறகு சவ்வு மறு ஆணைக்கு ஆயத்தமாக முடியாமல் தளர்ந்து செயலிழக்கின்றன. மூச்சுத் தசைகளும் அதில் சேரும். எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் இந்த நஞ்சென்று ஐயப்பட வேண்டும். மருந்தடித்துவிட்டு வந்தவர் நனைந்த உடுப்போடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது, ஏனென்றால் இந்த நஞ்சு தோல் வழியாகவே உடலுக்குள் போகும். உடுப்பை உடனே கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் மற்றது.

கெண்டைக்கால் பிடிப்பு இவற்றிலிருந்து வேறானது. அங்கே மையோசினுக்கு ஏடிபி இல்லாமல் போகவில்லை, கால்சியம் இறைப்பும் பழுதாகவில்லை. தசையை இயக்கும் நரம்பு, யாரும் கேட்காமலே, விடாமல் ஆணை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதை மின் பதிவுகள் காட்டுகின்றன. இரவில் வருவதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டைத்தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் தசைநாணில் இழுப்பு குறைவு. தசைநாணுக்குள் இருக்கும் உணர்கருவிகள் இழுப்பை அறிந்தால் முதுகுத் தண்டுக்குச் செய்தி அனுப்பி அந்த நரம்பை அடக்கும், இழுப்பு இல்லாவிட்டால் அவை வாய் திறப்பதில்லை. ஆகவே பிடித்துக்கொண்டவுடன் அப்பா முழங்காலை நீட்டி, பாதத்தைத் தன்னை நோக்கி இழுத்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருக்கட்டும். எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தினாலும் அதே பலன். தைலம் தேய்ப்பது இதமாக இருக்கும், ஆனால் பிடிப்பை அவிழ்ப்பது நீட்டுதல்தான். படுக்கப்போகுமுன் சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னால் தள்ளி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலைச் சில நிமிடங்கள் நீட்டிவிடுவதால் பிடிப்பு குறையலாம் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. செலவும் கெடுதலும் இல்லாத பழக்கம் என்பதால் நான் எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன்.

பாட்டியின் உப்புத் தண்ணீரை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். 1920களில் இங்கிலாந்தின் ஆழமான, வெப்பமான நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தவர்களுக்குக் கடும் தசைப்பிடிப்பு வந்தது. வியர்வையில் உப்பை இழந்துவிட்டு வெறுந்தண்ணீரை மட்டும் நிறையக் குடித்ததே காரணம் என்று அப்போது கண்டறிந்தார்கள், தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்துக் கொடுத்தது பலன் தந்தது. காலை முதல் மதியம் வரை சட்டை பிழியப் பிழிய வியர்ப்பவருக்கு, வேலை நேரத்திலேயே வரும் பிடிப்புக்கு, உப்புக் கலந்த கஞ்சித் தண்ணீரோ மோரோ ஏற்றதுதான். ஆனால் நடு இரவில், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வரும் பிடிப்பு உப்புக் குறைவால்தான் வருகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தால் தினமும் உப்புத் தண்ணீர் குடிப்பது தீங்காகவே முடியும். மலேரியாக் காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்த கொயினாவைக் கால் பிடிப்புக்கும் கேட்டு வாங்கும் பெரியவர்கள் உண்டு. அது சிலருக்கு இரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடுவதாலும் இதயத் துடிப்பைக் குலைத்துவிடுவதாலும், வெறும் பிடிப்புக்கு அதைத் தர வேண்டாம்.

வாரத்தில் பல இரவுகள் இப்படி வருகிறதென்றால், அப்பா உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு அரசாங்கக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் தைராய்டுக் குறைவும் பிடிப்பை வரவழைக்கக்கூடியவை, இரத்த அழுத்தத்துக்குத் தரும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகளாலும் வரலாம், ஆகவே சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்து, நீட்டிய பிறகும் வலி விடாமல் இருந்தால் அது பிடிப்பாக இல்லாமல் காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அப்போது காலைத் தேய்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.